பலூ தம்பி 2: குண்டான, உருண்டையான தமிழ் ஃபான்ட் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

தமிழ்ல பெருசா, தடியா, மூலையெல்லாம் மழுங்கின மாதிரி ஒரு தலைப்பு எழுத்து வேணும்னு தேடுறவங்க பல பேர் வந்து நிக்கிற இடம் பலூ தம்பி. ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கவங்க, யூடியூப் சேனல் நடத்துறவங்க, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு போஸ்டர் பண்ற டீச்சருங்க, டிசைன் கத்துக்கிற பசங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளை இங்க ஒண்ணா சேத்து பதில் எழுதிருக்கேன். சிலதுக்கு ரெண்டு வரி போதும், சிலதுக்கு நிறைய சொல்ல வேண்டியிருக்கு.

பலூ தம்பி 2-ன்னா என்ன, யார் பண்ணது?

மும்பையில ஏக் டைப்னு ஒரு எழுத்துரு வடிவமைப்புக் குழு இருக்கு, அவங்க இந்திய மொழிகளுக்காகப் பண்ண டிஸ்ப்ளே ஃபான்ட் குடும்பம்தான் பலூ. அதுல தமிழுக்கு வந்ததுதான் பலூ தம்பி, தமிழ் எழுத்துக்களை வரைஞ்சவர் ஆதர்ஷ் ராஜன். டிஸ்ப்ளே ஃபான்ட்னா தலைப்பு, கடைப் பேரு, விலை, ஒரு வரி வாசகம்னு பெரிய சைஸ்ல போடுறதுக்காகவே பண்ணது, பக்கம் பக்கமா படிக்கிறதுக்கு இல்ல. கோடு எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தடிமன்ல ஓடும், முனைகள் உருண்டிருக்கும், பாத்த உடனே ஒரு சிரிச்ச முகம் தெரியும். கூகுளோட இலவச ஃபான்ட் தளமான கூகுள் ஃபான்ட்ஸ்ல கிடைக்குது.

ஒரே ஃபான்ட்டுக்கு ஏன் இத்தனை பேரு? நான் எதை டவுன்லோடு பண்ணணும்?

ஒவ்வொரு எழுத்து முறைக்கும் தனித்தனி ஃபைல் வெச்சிருக்காங்க, பேரும் தனி. தமிழுக்கு தம்பி, மலையாளத்துக்கு சேட்டன், தெலுங்குக்கு தம்முடு, கன்னடத்துக்கு தம்மா, பெங்காலிக்கு தா, குஜராத்திக்கு பாய், பஞ்சாபியோட குர்முகிக்கு பாஜி, ஒடியாவுக்கு பைனா, உருதுவுக்கு பாய்ஜான். வெறும் பலூன்னு போட்டிருந்தா அது தேவநாகரி, அதாவது இந்தி, மராத்திக்கு. எல்லாத்துலயும் இங்கிலீஷ் எழுத்து உண்டு. அதனாலதான் நிறைய பேர் வெறும் பலூவை இறக்கிட்டு, இங்கிலீஷ் நல்லா வருதே தமிழ் மட்டும் வேற ஃபான்ட்டுக்கு மாறிடுதேன்னு குழம்புறாங்க. தமிழ் வேணும்னா பேர்ல தம்பி இருக்கணும், அவ்ளோதான். சென்னையிலயும் பெங்களூர்லயும் கிளை இருக்குற கடைன்னா தம்பியையும் தம்மாவையும் சேத்துப் போட்டு ரெண்டு போர்டும் ஒரே குடும்பமா தெரியுற மாதிரி பண்ணலாம், இந்த வசதி இருக்குற குண்டு ஃபான்ட் குடும்பம் ரொம்பக் கம்மி.

வெறும் பலூ தம்பிக்கும் பலூ தம்பி 2-க்கும் என்ன வித்தியாசம்?

வெயிட்னா எழுத்தோட தடிமன் அளவு. முதல்ல வந்ததுல ஒரே ஒரு வெயிட்தான், நல்லா தடியானது மட்டும். 2-ல ரெகுலர், மீடியம், செமிபோல்ட், போல்ட், எக்ஸ்ட்ராபோல்ட்னு 5 வெயிட் இருக்கு, வேரியபிள் ஃபான்ட்டாவும், அதாவது ஒரே ஃபைல்லயே தடிமனை ஏத்தி இறக்கிக்கிற மாதிரியும் கிடைக்குது. புதுசா ஆரம்பிக்கிறவங்க 2-ஐயே எடுங்க. தலைப்புக்கு எக்ஸ்ட்ராபோல்ட், அதுக்குக் கீழ வர்ற சின்ன வரிக்கு மீடியம்னு ஒரே ஃபான்ட்லயே முடிச்சுக்கலாம்.

உண்மையிலயே ஃப்ரீயா? கடை லோகோவுக்கு, விக்கிற டிஷர்ட்டுக்கு போடலாமா?

போடலாம். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்ல வெளியிட்டிருக்காங்க. வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், ஆப்புக்குள்ள வெக்கலாம், புத்தக அட்டைல போடலாம், டிசைன்ல அவங்க பேரைப் போடணும்னு கட்டாயமும் இல்ல. ஃபான்ட் ஃபைலை மட்டும் தனியா வெச்சு காசுக்கு விக்கக் கூடாது, ஃபான்ட்டை மாத்தி புதுசா ஒண்ணு பண்ணி வெளியிட்டா அதுவும் இதே லைசென்ஸ்லதான் இருக்கணும், முக்கியமான நிபந்தனை இந்த ரெண்டும்தான். லோகோவுக்குப் போடுறவங்க இன்னொண்ணும் யோசிச்சுக்கோங்க, பக்கத்துத் தெரு கடைக்காரரும் இதே ஃபான்ட்டை எடுக்கலாம், அவரை யாரும் தடுக்க முடியாது. அதனால எழுத்தை அவுட்லைனா, அதாவது கை வெச்சுத் திருத்திக்கிற மாதிரி வெறும் வடிவமா மாத்திட்டு ஒரு ரெண்டு எழுத்துலயாவது கை வெச்சு உங்களுக்குன்னு ஒரு மாத்தம் பண்ணிக்கிறது நல்லது.

குண்டு ஃபான்ட்ல ண, ஞ, ஜ எல்லாம் அடைச்சுக்கிட்ட மாதிரி தெரியுதே, ஏன்?

இந்தக் கேள்விக்கு பதில் புரிஞ்சிட்டா மத்த பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

குண்டு எழுத்துல நம்ம கண்ணு படிக்கிறது கறுப்பை மட்டும் இல்ல, எழுத்துக்குள்ள மிச்சமிருக்குற வெள்ளையையும் சேத்துதான். இங்கிலீஷ்ல ஓங்கிற எழுத்தை எவ்ளோ குண்டாக்கினாலும் நடுவுல ஒரே ஒரு ஓட்டைதான், அது சின்னப் புள்ளி அளவுக்கு சுருங்கினாக்கூட ஓன்னு தெரிஞ்சிடும். தமிழ்ல ண எடுத்துக்கோங்க, ஒரு சுழி, அதுக்கப்புறம் வளைஞ்சு வளைஞ்சு ஏறி இறங்குற கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல ஒரு வெள்ளைச் சந்து. கோடு தடிக்கத் தடிக்க இந்தச் சந்து எல்லாம் ஒரே நேரத்துல மூட ஆரம்பிக்கும். ஞ, ஜ, ஐ, இ, ஷ, ஸ்ரீ எல்லாத்துக்கும் இதே கதி. ஜூஸ்னு ஒரே ஒரு வார்த்தை, ஆனா எந்த குண்டு தமிழ் ஃபான்ட்டோட தரத்தையும் சோதிக்க அதுவே போதும், அந்த ஜூ-வுக்குள்ள எத்தனை வளைவு பாருங்க.

எழுத்தை வரையிறவங்க இதை எப்படி சமாளிப்பாங்கன்னா, முதல்ல எழுத்தை அகலமாக்குவாங்க. ர, ட எல்லாம் ஒடுக்கமா இருக்கும், ண, ஞ பக்கத்துல வந்தா அதை விட ரொம்ப அகலமா இருக்கும், அது அவசியத்துக்குப் பண்ணது. ரெண்டாவது, வெளிக்கோட்டை தடியா வெச்சுட்டு உள்ளுக்குள்ள ஓடுற கோட்டை மட்டும் கொஞ்சம் மெலிசாக்குவாங்க, கோடும் கோடும் சேர்ற இடத்துல இன்னும் மெலிசாக்குவாங்க, நம்ம கண்ணுக்கு எல்லாம் ஒரே தடிமனாதான் தெரியும். ஒரு குண்டு ஃபான்ட்டோட உழைப்பு முழுக்க இந்த இடத்துலதான் போகுது. சாஃப்ட்வேர்ல ஒரு மெலிசான ஃபான்ட்டை எடுத்து பி பட்டனைத் தட்டி போல்ட் ஆக்கினா இந்த உழைப்பு எதுவும் அதுல இருக்காது, போல்ட் ஃபைல் இல்லாத ஃபான்ட்டா இருந்தா கோட்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்கு ஊத விட்டுடும், உள்ள இருக்குற வெள்ளையை அப்படியே தின்னுடும். தயவு செஞ்சு பலூ தம்பி எக்ஸ்ட்ராபோல்ட் மேலயும் அந்த பட்டனைத் தட்டாதீங்க.

வெள்ளை போனா அழகு மட்டும் போறதில்ல, அர்த்தமே போயிடும். கெ-வுக்கும் கே-வுக்கும் வித்தியாசம் கொம்போட மேல இருக்குற ஒரு சுழிதான், அது அடைஞ்சுட்டா தேன் மிட்டாய் தென் மிட்டாய் ஆயிடும். மி-க்கும் மீ-க்கும் நடுவுல இருக்குறது நுனியில ஒரு குட்டிச் சுழி, அது மூடிக்கிட்டா மீன் குழம்பு மின் குழம்பு. ர-வோட கால்ல இருக்குற சின்ன சாய்வு மறைஞ்சுட்டா அது ர-வா துணைக்காலான்னு தெரியாது. மேல வெக்கிற புள்ளி பக்கத்து எழுத்தோட விலங்குல, அதாவது கி, கீ-க்கு மேல வர்ற வளைவுல ஒட்டிக்கிட்டா மெய்யெழுத்தே காணாமப் போயிடும். நம்ம எழுத்துல பெரிய வித்தியாசம் எல்லாம் ரொம்பச் சின்ன சுழிலதான் இருக்கு, தடியான எழுத்து போடுற ஒவ்வொருத்தரும் அந்தச் சுழிக்குக் காவல் நிக்கணும்.

குறைஞ்சது எந்த சைஸ்ல போடலாம்?

எக்ஸ்ட்ராபோல்ட்னா ஸ்க்ரீன்ல 24 பிக்சலுக்குக் கீழ நான் போக மாட்டேன், பேப்பர்ல 18 பாயின்ட்டுக்குக் கீழ வேண்டாம். அதை விட சின்னதா வேணும்னா மீடியம் எடுங்க, இல்லேன்னா ஃபான்ட்டையே மாத்துங்க. யூடியூப் தம்ப்நெயில் பண்றவங்க கம்ப்யூட்டர்ல பெருசா வெச்சுப் பாத்து திருப்தி ஆயிடுறாங்க, பாக்குறவங்க பெரும்பாலும் போன்ல கட்டைவிரல் நகம் அளவுலதான் பாக்குறாங்க, அதனால முடிச்சதும் படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி ஒருவாட்டி படிச்சுப் பாருங்க, அஞ்சு வார்த்தைக்கு மேல இருந்தா கண்டிப்பா அடைச்சுக்கிட்டுதான் தெரியும்.

கடை போர்டுக்கு சைன்போர்டு தொழில்ல ஒரு கணக்கு சொல்வாங்க, 10 அடி தூரத்துக்கு 1 இஞ்ச் எழுத்து உயரம்னு. 60 அடி அகல ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துலேருந்து சுலபமா படிக்கணும்னா 6 இஞ்ச். அது இங்கிலீஷ் எழுத்தை மனசுல வெச்ச கணக்கு, தமிழ்ல குண்டு எழுத்துன்னா அதுக்கு மேல பாதி சேத்துக்கோங்கன்னு நான் சொல்வேன், 6-க்கு பதிலா 9.

ரெண்டு வரி எழுதினா மேல் வரி கீழ் வரி இடிச்சுக்குது, இல்லேன்னா ரொம்ப இடைவெளி விழுது. என்ன பண்ணலாம்?

தமிழ்ல மேல புள்ளியும் விலங்கும் ஏறும், கீழ கு, மு, ழு, று மாதிரி எழுத்தெல்லாம் இறங்கும். பலூ குடும்பம் பல இந்திய எழுத்துக்கும் சேத்துத் திட்டம் போட்டது, அதனால ஃபான்ட்டுக்குள்ளயே மேலயும் கீழயும் இடம் தாராளமா விட்டிருக்காங்க. வெப்சைட்ல ஒண்ணும் சொல்லாம விட்டா வரி தள்ளித் தள்ளி நிக்கும், பட்டனுக்குள்ள போட்டா பட்டன் உயரமாயிடும். தலைப்புக்கு லைன் ஹைட், அதாவது வரி உயரம், எழுத்து சைஸ்ல 1.2 மடங்குலேருந்து 1.3 வரைக்கும் வெச்சுப் பாருங்க. அதுக்கும் கீழ இறக்கணும்னு ஆசையா இருந்தா வாக்கியத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க, மேல் வரில கு-வும் அதுக்கு நேர் கீழ கீ-யும் வந்தா இடிக்கும், வரியை வேற இடத்துல உடைச்சா இடிக்காது. கையால ஒவ்வொரு தலைப்பையும் பாக்குறதைத் தவிர இதுக்கு வேற வழி இல்ல.

எழுத்தை இழுத்து நீட்டலாமா? இடைவெளியைக் குறைக்கலாமா?

நீட்டவே கூடாது. இடம் பத்தலைன்னு பக்கவாட்டுல நசுக்கினா நிக்கிற கோடு மெலிஞ்சு படுக்கிற கோடு தடிச்ச மாதிரி தெரியும், உருண்டையான முனை முட்டை மாதிரி ஆயிடும், இந்த ஃபான்ட்டை எதுக்கு எடுத்தோமோ அதுவே போச்சு. நம்ம வார்த்தைகள் நீளம்தான், அதனால வார்த்தையை மாத்துங்க, வரியை உடைங்க, சைஸைக் குறைங்க. எழுத்துக்கு நடுவுல இடைவெளியை ஏத்தினாலும் தமிழ்ல ஒரு சிக்கல் உண்டு, டிசைன் சாஃப்ட்வேர்ல டிராக்கிங்கை ரொம்ப ஏத்தினா கோ-வோட கொம்பு ஒரு பக்கம், க நடுவுல, கால் இன்னொரு பக்கம்னு மூணு தனி எழுத்து மாதிரி விலகிடும். குறைக்கிறது பெரிய சைஸ்ல கொஞ்சமா பரவால்ல.

தம்ப்நெயிலுக்கு ஸ்ட்ரோக், ஷேடோ எப்படிப் போடணும்?

ஸ்ட்ரோக்கை, அதாவது எழுத்தோட ஓரத்துல போடுற பார்டர் கோட்டை, வெளிப்பக்கமா போடுங்க, நடுவுலயோ உள்ளயோ போட்டா வெள்ளையைத் தின்னுடும். வெளிப்பக்கம் போட்டாலும் அது எழுத்துக்குள்ள இருக்குற ஓட்டைக்குள்ளயும் கொஞ்சம் வரும்ங்கிறதை மறந்துடாதீங்க, அதனால தடியா ஸ்ட்ரோக் வேணும்னா எழுத்தை எக்ஸ்ட்ராபோல்ட்லேருந்து போல்டுக்கு ஒரு படி இறக்கிக்கோங்க. எழுத்தை ஒரு காப்பி எடுத்து பின்னாடி லேயர்ல வெச்சு அதுக்கு மட்டும் ஸ்ட்ரோக் கொடுக்குறது இன்னும் சுத்தமான வழி, முன்னாடி இருக்குற எழுத்து துளிகூட மெலியாது. மூலையை ரவுண்டுனு செட் பண்ணுங்க, கூர்மையா விட்டா உருண்டை எழுத்தைச் சுத்தி முள்ளு முள்ளா நிக்கும்.

வேரியபிள் ஃபைலை வெச்சு வெப்சைட்ல ஸ்ட்ரோக் போடுறவங்க சில நேரம் எழுத்துக்கு உள்ளுக்குள்ளயே கோடு கோடா தெரியுதேன்னு பயந்துடுறாங்க. வேரியபிள் ஃபான்ட்ல ஒரு எழுத்தை ஒண்ணு மேல ஒண்ணு ஏறின துண்டுகளா வெச்சிருப்பாங்க, ஸ்ட்ரோக் ஒவ்வொரு துண்டையும் சுத்தி ஓடும், அதான் காரணம். தனித்தனி வெயிட்டா இருக்குற சாதாரண ஃபைலுக்கு மாறினா சரியாயிடும்.

போட்டோஷாப்ல கொ, கை எல்லாம் ஒடஞ்சு வருது, ஃபான்ட் தப்பா?

ஃபான்ட் மேல தப்பில்ல. தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள்ள பதிவாகுற வரிசை ஒண்ணு, கண்ணுக்குத் தெரியுற வரிசை வேற, கை-ன்னா க முதல்ல ஐகாரம் அப்புறம்னுதான் உள்ள இருக்கும், காட்டும்போது முன்னாடி கொண்டு வரணும், அந்த வேலையை சாஃப்ட்வேர்தான் பண்ணணும். போட்டோஷாப்ல ப்ரிஃபரன்ஸ்ல டைப்புக்குப் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட்னு இருந்தா அதை ஆன் பண்ணுங்க, பழைய வெர்ஷன்ல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்னு இருக்கும். இன்டிசைன்ல பாராகிராஃப் பேனல் மெனுவுல அடோபி வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கணும். இல்லஸ்ட்ரேட்டர்ல ப்ரிஃபரன்ஸ்ல டைப் பகுதியில ஷோ இன்டிக் ஆப்ஷன்ஸ்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டாதான் அதுக்கான கம்போசர் வெளியவே தெரியும்.

பிரிண்டருக்கு அனுப்பும்போது எழுத்தை அவுட்லைனா மாத்தி அனுப்பிடுங்க. அங்க இந்த செட்டிங் இல்லேன்னா நீங்க சரியா பண்ணினதும் ஒடஞ்சுதான் அச்சாகும், ஆயிரம் நோட்டீஸ் அடிச்சப்புறம் தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.

பாமினி, வானவில்ல டைப் பண்ணின மேட்டர் இருக்கு, அதுக்கு இதைப் போட முடியுமா?

நேரடியா முடியாது. அதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ் உருவத்தை வெச்ச பழைய முறை, ஃபான்ட்டை மாத்தினா இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாத்திட்டு அப்புறம் போடுங்க, மாத்திக் கொடுக்குற கருவிகள் இலவசமாவே நிறைய இருக்கு, மாத்தினதும் ஒருவாட்டி உக்காந்து ப்ரூஃப் பாத்துடுங்க. தமிழ்நாடு அரசே 2010-ல யூனிகோடையும் டேஸ் 16-ங்கிற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமா அறிவிச்சாச்சு, இன்னும் பழைய முறையில புது மேட்டர் டைப் பண்றதுக்கு காரணமே இல்ல.

எந்த மாதிரி வேலைக்கு இது பொருந்தும், எதுக்குப் பொருந்தாது?

ஐஸ்கிரீம், ஜூஸ், பேக்கரி, முறுக்கு மிக்ஸர் பாக்கெட், பொம்மைக் கடை, ப்ளே ஸ்கூல், பசங்களுக்கான ஆப், சமையல் சேனல், காமெடி வீடியோ, காலேஜ் கல்ச்சுரல்ஸ், பொறந்தநாள் பேனர். வாங்க வாங்கன்னு கூப்பிடுற குரல் எங்க தேவையோ அங்கெல்லாம் இது நல்லா உக்காரும். ஒரு தின்பண்டப் பாக்கெட்ல பேரை எக்ஸ்ட்ராபோல்ட்ல போட்டு, எழுத்துக்குள்ள இருக்குற வெள்ளையில பாக்கெட்டோட நிறம் எட்டிப் பாக்குற மாதிரி விட்டீங்கன்னா வேற படமே தேவையில்ல.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வேண்டாம். மருத்துவ எச்சரிக்கை, கோர்ட் சம்பந்தப்பட்ட அறிவிப்பு, கடன் பத்திரம், இதெல்லாம் படிக்கிறவங்க பதட்டத்துல இருப்பாங்க, அங்க இந்தச் சிரிப்பு உறுத்தும். கல்யாணப் பத்திரிகைக்கு போடலாமான்னு கேக்குறாங்க, வரவேற்பு பேனருக்கு சரி, பத்திரிகைல சொந்தக்காரங்க பேரெல்லாம் சின்ன எழுத்துல அடுக்கடுக்கா வரும், அங்க இது தாங்காது.

பத்தி பத்தியா படிக்கிற மேட்டருக்கு ரெகுலர் வெயிட்டைப் போட்டாக்கூட எனக்கு சம்மதம் இல்ல. ரெண்டு மூணு வரின்னா ஓகே, அதுக்கு மேல போனா அதே ஏக் டைப் பண்ண முக்தா மலர் எடுங்க, 7 வெயிட் இருக்கு, தலைப்புல பலூ தம்பி உள்ள முக்தா மலர்னு ஜோடி போட்டா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது.

தமிழும் இங்கிலீஷும் ஒரே போர்டுல வந்தா?

ஃபான்ட்லயே இங்கிலீஷ் இருக்கு, அதையே எடுங்க, தடிமனும் வளைவும் ஒத்துப் போகும். ஒரே பாயின்ட் சைஸ்ல போட்டா தமிழ் வார்த்தை நீளமா ஓடும், இங்கிலீஷ் குட்டியா முடியும், உடனே எல்லாரும் பண்றது தமிழைச் சுருக்கி இங்கிலீஷுக்குக் கீழ ஒரு பட்டையில தள்ளிடுறது. எனக்கு இதைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். பெரிய பெரிய பிராண்டெல்லாம் இங்கிலீஷ் பேரை ஆசை ஆசையா குண்டு எழுத்துல வரைஞ்சுட்டு, தமிழ்ப் பேரை கம்ப்யூட்டர்ல ஏற்கனவே இருந்த ஏதோ ஒரு மெலிசான ஃபான்ட்ல அடிச்சு விட்டிருப்பாங்க, படிக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் தமிழ்ல படிக்கிறவங்கன்னு தோணவே இல்ல போல. தமிழை முதல்ல வைங்க, அது எடுத்துக்கிற அகலத்தைப் பாருங்க, அதுக்கு ஏத்த மாதிரி இங்கிலீஷோட சைஸை முடிவு பண்ணுங்க. இப்படிப் பண்ணினா ரெண்டும் சமமா தெரியும்.

அக்ரிலிக் எல்இடி போர்டு, வினைல் கட்டிங், டிஷர்ட் இதுக்கெல்லாம் எப்படி?

எல்இடி போர்டுக்கு இந்த மாதிரி எழுத்து நல்ல தேர்வு. எழுத்துக்குள்ள எல்இடி மாட்யூல் உக்காரணும்னா கோட்டுக்கு அகலம் வேணும், மெலிசான ஃபான்ட்ல மாட்யூலே உள்ள போகாது. எழுத்தைச் சுத்திப் பக்கவாட்டுல பட்டையை வளைச்சு ஒட்டுறவங்களுக்கும் கூர் மூலையை விட வளைவு சுலபம். கம்ப்யூட்டர் வழிநடத்துற வெட்டுற மெஷினான சிஎன்சி ரவுட்டர்ல வெட்டினா வெட்டுற பிட் உருண்டைங்கிறதால உள்மூலை எப்படியும் கொஞ்சம் வளைஞ்சுதான் வரும், கூர்மையான ஃபான்ட்ல அது குறையா தெரியும், இதுல தெரியாது. ஆனா சுழிக்குள்ள அந்த பிட் நுழையுமான்னு முன்கூட்டியே பாத்துக்கணும், ண-வோட சுழி பிட்டோட விட்டத்தை விட சின்னதா இருந்தா அந்த ஓட்டையே விழாது.

ஸ்டென்சில் வெட்டுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வ, ண மாதிரி மூடின கண்ணு இருக்குற எழுத்துல அந்த நடுத்துண்டு கழண்டு விழுந்துடும், அதைப் பிடிச்சுக்கிற மாதிரி நீங்களே நடுவுல ஒரு சின்ன பாலம் விட்டு வெட்டணும். ட, ப, ய மாதிரி திறந்த எழுத்துக்கு அந்தக் கவலை இல்ல.

டிஷர்ட்ல ஸ்க்ரீன் பிரிண்ட் பண்ணும்போது மை துணியில பரவும், எழுத்து ஒரு சுத்து ஊதும், சுழி சுருங்கும். அதனால கம்ப்யூட்டர்ல சரியா தெரியுறதை விட ஒரு வெயிட் கம்மியா போடுங்க. கறுப்புத் துணியில வெள்ளை மைன்னா இன்னும் ஜாக்கிரதை, வெளிச்சமான எழுத்து கண்ணுக்கே ஊதித்தான் தெரியும்.

அ ஆ சொல்லிக் கொடுக்குற புத்தகத்துக்கு இது நல்லதா?

அட்டைக்கு நல்லது, உள்ள எழுதிப் பழகுற பக்கத்துக்கு எக்ஸ்ட்ராபோல்ட் வேண்டாம். குழந்தைக்கு பென்சில் எங்க ஆரம்பிச்சு எப்படி சுத்தி வரணும்னு தெரியணும், தடியான எழுத்துல அந்தப் பாதை மறைஞ்சுடும். ரெகுலர்ல பெருசா போட்டா பரவால்ல.

வெப்சைட்ல போட்டா ஸ்லோ ஆகுமா?

கூகுள் ஃபான்ட்ஸ் வழியா எடுத்தா எழுத்து முறை வாரியா பிரிச்சுத்தான் அனுப்புது, அந்த வெப் பக்கத்துல இருக்குற எழுத்துக்குத் தேவையானது மட்டும் வரும். தேவைப்படுற ஒண்ணு ரெண்டு வெயிட்டை மட்டும் கேளுங்க. வெப்சைட் கோட்ல ஃபான்ட் டிஸ்ப்ளேக்கு ஸ்வாப்னு கொடுத்தா ஃபான்ட் வர்ற வரைக்கும் போன்லயோ கம்ப்யூட்டர்லயோ ஏற்கனவே இருக்குற தமிழ் ஃபான்ட்ல காட்டும், விண்டோஸ்ல நிர்மலா, ஆண்ட்ராய்டுல நோட்டோ. அதெல்லாம் இதை விட மெலிசு, மாறும்போது தலைப்பு ஒரு வரிலேருந்து ரெண்டு வரிக்குத் தாவலாம், அதுக்கு இடம் விட்டு வைங்க.

இந்த மாதிரி குண்டு உருண்டை எழுத்து மேல ஆசை எங்கேருந்து வந்துச்சு?

இங்கிலீஷ்ல இதுக்குப் பெரிய பேர் வாங்கினது கூப்பர் பிளாக். சிகாகோவுல ஆஸ்வால்ட் கூப்பர்ங்கிறவர் வரைஞ்சு 1922-ல பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர்ங்கிற ஈய எழுத்து கம்பெனி வெளியிட்டது. தூரப்பார்வை உள்ள அச்சுக்காரங்களுக்கும் கிட்டப்பார்வை உள்ள அவங்க கஸ்டமர்களுக்கும் ஏத்த எழுத்துன்னு அவரே சொன்னதா சொல்வாங்க, அதாவது விளம்பரத்துல உரக்கப் பேசுறதுக்கு. அப்புறம் 60, 70-கள்ல தேய்ச்சு ஒட்டுற எழுத்துத் தாள், டிஷர்ட்ல அயர்ன் பண்ணி ஒட்டுற எழுத்துன்னு எல்லாத்துலயும் இது புகுந்துச்சு, ஈஸிஜெட் விமானத்து மேல ஆரஞ்சு நிறத்துக்கு நடுவுல இருக்குற பேரும் இதுதான். அதுல சின்ன சின்ன செரிஃப், அதாவது கோடு முடியுற இடத்துல நீட்டிக்கிட்டிருக்குற குட்டிக் கால் உண்டு, எல்லாம் மழுங்கி உருண்டிருக்கும். செரிஃப் இல்லாத உருண்டை எழுத்துன்னா 70-கள் கடைசில ஃபோக்ஸ்வேகன் தனக்காகப் பண்ணிக்கிட்ட விஏஜி ரவுண்டட், அதைப் பல வருஷம் ஆப்பிள் கீபோர்டு கட்டைகள்ல எல்லாரும் பாத்திருப்போம்.

தமிழ்ல குண்டு எழுத்து ரொம்ப நாளா போர்டு ஓவியர்கள் கையிலதான் இருந்துச்சு. சுவர் விளம்பரம், லாரி முதுகு, சினிமா பேனர் எல்லாத்துலயும் பட்டைப் பிரஷ்ல ஒரே இழுப்புல தடியா எழுதிட்டு முனையை உருட்டி விடுவாங்க, ண-வுக்குள்ள எவ்ளோ வெள்ளை விடணும்னு அவங்க கைக்குத் தெரியும், இடம் கம்மின்னா எந்த எழுத்தை ஒடுக்கணும்னும் தெரியும். ஃப்ளெக்ஸ் வந்து அந்த வேலை குறைஞ்சப்புறம் ரொம்ப வருஷம் நமக்குக் கிடைச்சது ஊத வெச்ச எழுத்துதான். பலூ தம்பி மாதிரி தடிமனுக்காகவே யோசிச்சு வரைஞ்சது வந்ததுல எனக்கு அவ்ளோ சந்தோஷம். நல்ல போர்டு ஓவியர் உங்க ஊர்ல இன்னும் இருந்தா ஃபான்ட்டை விட்டுட்டு அவர்கிட்டயே போங்க, இதை மனசாரச் சொல்றேன்.

இதே மாதிரி வேற தமிழ் ஃபான்ட் இருக்கா?

காயினின்னு ஒண்ணு கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்கு, தமிழும் இங்கிலீஷும் உண்டு, ஒரே வெயிட், பலூ தம்பியை விட இன்னும் கொழுகொழுன்னு விளையாட்டா இருக்கும், ஒரே ஒரு வார்த்தைக்கு அருமை. உருண்டை வேண்டாம் தடி மட்டும் போதும்னா கேட்டமரான்ல பிளாக் வெயிட் இருக்கு, மொத்தம் 9 வெயிட்ல வருது. இடம் ரொம்ப நெருக்கடின்னா ஏக் டைப்போட அனெக் தமிழ் பாருங்க, அதுல வெயிட்டை மட்டும் இல்ல அகலத்தையும் மாத்தலாம், எழுத்தை நசுக்காமலே ஒடுக்கமான வடிவம் கிடைக்கும், நீளமான ஊர்ப் பேரை சின்ன போர்டுல அடக்குறதுக்கு அதை விட்டா இலவசத்துல நல்லது எனக்குத் தெரிஞ்சு இல்ல.